வீட்டுக்குப் போகும் மறைக்கல்வி

நேயர்களுக்கு வணக்கம். கத்தோலிக்கக் கோயில் பங்குகளில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். நீங்களும் சின்ன வயதில் அதில் உட்கார்ந்திருப்பீர்கள், இப்போது உங்கள் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த வகுப்பு எப்படி நடந்தது என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அன்றைக்குப் பிள்ளை வீட்டுக்கு எதைக் கொண்டுபோனது?

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே மறைபரப்பிய குரு புனித பிரான்சிஸ் சவேரியார் என்றே சொல்வேன். 1542-இல் அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து செபங்களைத் தமிழாக்கினார், தானும் மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தார். மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார். இதெல்லாம் 1544 சனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவும் விடவில்லை, ஓய்வெடுக்கவும் விடவில்லை, ஒரு செபமாவது சொல்லித்தந்தால்தான் விட்டார்கள் என்று எழுதுகிறார்.

நான் முக்கியமாகக் கருதுவது இதற்கு அடுத்தது. இங்கே கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார். நோயாளிகள் இருந்த வீடுகளுக்கும் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் கூட்டி, கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் விசுவாச அறிக்கையைச் சொல்லி, நோயாளிக்காக மன்றாடினார்கள். யோசித்துப் பாருங்கள், வகுப்பில் கற்றதற்கு உடனே வெளியில் வேலை இருந்தது! பரீட்சைக்காகப் படித்த பிள்ளைகள் இல்லை அவர்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். பிள்ளைகளை நம்பிக்கையில் வளர்ப்பது யார் பொறுப்பு? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 774-ஆம் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மற்ற எவரையும்விடப் பெற்றோருக்குத்தான் அந்தக் கடமை, அதுவும் சொல்லாலும் முன்மாதிரியாலும். ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோருக்கும் அதே கடமை உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியர் அவர்களுக்குத் துணை, அவ்வளவுதான். ஆனால் பல பெற்றோர் ஆசிரியர்களான எங்களிடம் வந்து, "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவர்களை உள்ளே இழுக்க வேண்டியது நம் வேலை. இழுத்துவரப் பிள்ளையைவிட நல்ல ஆள் கிடையாது.

அதனால் என் வகுப்பில் ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புவேன். உங்கள் ஞானத்தாய் யார், எந்தக் கோயிலில் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பாட்டி படுக்கும்முன் என்ன செபம் சொல்வார், இப்படி. புத்தகத்தில் விடை இருக்கக்கூடாது, வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒருமுறை விசுவாச அறிக்கையில் புரியாத ஒரு வரியை வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். ஒரு சிறுமி, "இயேசு எதற்குப் பாதாளத்தில் இறங்கினார்?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவளோடு அவள் அப்பாவும் வந்து நின்றார். "நானும் சின்ன வயதிலிருந்து சொல்கிறேன், இதுவரை யோசித்ததில்லை" என்றார். இறந்தோர் இருக்கும் இடத்தைத்தான் பாதாளம் என்கிறோம், தமக்கு முன்னே இறந்துபோன நீதிமான்களை விடுவிக்க ஆண்டவர் அங்கே போனார் என்று விளக்கினேன். மகளைவிட அப்பாதான் அதிகம் கேட்டார். அந்த ஒரு கேள்வி ஒரு வருடப் பாடத்துக்குச் சமம் என்பேன்.

செபங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. மனதில் வரி இருந்தால்தானே அதைப் பற்றிக் கேள்வி வரும்?

இன்னொன்று, புதுநன்மை, அதாவது பிள்ளை பூசையில் முதன்முறையாக நற்கருணை வாங்குவது. முன்பெல்லாம் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை ஒன்று, ஏறக்குறைய ஏழு வயதில் கொடுக்கலாம் என்றது. இயேசுவின் உடலென நாம் நம்பும் நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறியும் பக்குவமும், வயதுக்கேற்ற அளவு விசுவாச அறிவும் போதும். மற்றதைப் பிறகு படிப்படியாகக் கற்க வேண்டும் என்றும் அந்த ஆணையே சொல்கிறது. அந்தப் பிற்பகுதியை நாம் மறந்துவிட்டோம். வெள்ளைச் சட்டை போட்டுப் படம் எடுத்த மறுவாரமே வகுப்பில் பாதி இடம் காலி. பெற்றோரே, புதுநன்மையோடு பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கான பயிற்சி பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் முறையான ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தினார். ஆகவே பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள்: நேரம் இருப்பவர் யாரோ அவரிடம் வகுப்பை ஒப்படைக்காதீர்கள். முதலில் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள், மாதம் ஒருமுறையாவது அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.