விலகி நின்றால் கோஷ்டி கலையாது

நடுவர் ஐயா அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

பணியிடத்துக் கோஷ்டியிடமிருந்து விலகி நிற்பதா, நேரில் பேசுவதா என்பது கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் நம் கோட்டையைக் காட்டினார். அதைச் சுற்றி அகழி இருப்பதுபோல் நம்மைச் சுற்றியும் ஓர் அகழி வேண்டும், வந்தோமா, வேலையைப் பார்த்தோமா, பஸ் ஏறினோமா என்று இருக்கவேண்டும் என்றார். கைதட்டினீர்கள். அந்த அகழிக்குள் மூன்று மாதம் இருந்தவள் நான், ஐயா.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஸ்கைவிங் இயந்திரம் ஓட்டுகிறேன். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் வேலை. சரியாகச் சீவினால்தான் ஓரம் படிந்து மடியும். குறைத்துச் சீவினால் மடிப்பு புடைத்துக்கொண்டு நிற்கும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் மாடல் மாறியது, சீவும் அகலமும் மாறியது. சூப்பர்வைசர் ஐந்து பேரிடம் சொன்னார். ஒரே பஸ்ஸில் வந்து ஒரே மேசையில் சாப்பிடும் ஐந்து பேர். என் காதுக்கு வரவில்லை. பழைய அளவிலேயே சீவித் தள்ளினேன். மாலையில் கூடை கூடையாகத் திரும்பி வந்தது. அத்தனை பேர் முன்னால் எனக்குத் திட்டு. ஐவரில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சகோதரர் சொன்னபடிதான் நடந்தேன். தனியாகச் சாப்பிட்டேன், தலை நிமிரவில்லை. என்ன ஆனது? அடுத்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை! வெறும் கிசுகிசுப்பு என்றால் விட்டுவிடலாம். வேலைக்கான தகவலையே தங்களுக்குள் வைத்துக்கொள்ளும்போது, ஒதுங்கி நிற்பவர்தான் முதலில் அடிபடுகிறார்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள், ஐவரில் மூத்த அக்கா டிபன் பாக்ஸ் கழுவும் இடத்துக்குப் போய் நின்றேன். "அக்கா, அளவு மாறியது உங்களுக்குத் தெரியுமே, எனக்கு ஏன் சொல்லவில்லை?" குழாயை மூடிவிட்டு அவர் சொன்னார்: "நீ யாரிடமும் பேசுவதில்லை. மேனேஜருடைய ஆள் என்று நினைத்துவிட்டோம், அம்மா." வாய் மூடியிருந்தால் வம்பில்லை என்று நான் இருந்தேன். அவர்கள் கண்ணுக்கோ நான் ஒற்றாள்.

இருவருமாகச் சூப்பர்வைசரிடம் போனோம். இப்போது மாடல் மாறினால் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறார். சீவிய மாதிரித் துண்டு ஒன்று இயந்திரத்தருகே தொங்குகிறது. ஐவரும் இன்றும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும்.

மிரட்டலோ பாலியல் தொல்லையோ என்றால் தனியாகப் போய்ப் பேசச் சொல்லமாட்டேன். தேதி போட்டு எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். பாலியல் தொல்லையை விசாரிக்க, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் வாய் திறப்பதுதான், ஐயா.

"கோஷ்டி எங்கும் உண்டு, மாறாது" என்றார் சகோதரர். அவர் காட்டிய அகழிக்கு உள்ளேதான் ஜலகண்டேஸ்வரர் கோயில் தலைமுறை தலைமுறையாக மூலவர் இல்லாமல் நின்றது. சாமி இல்லாத கோயில் உள்ள ஊர் என்று நம் ஊரைச் சொல்வார்கள். 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். அகழியைப் பார்த்துக்கொண்டே கரையில் நின்றிருந்தால் நடந்திருக்குமா?

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். நான் எழுவதற்குள், அந்த அக்கா மாதிரித் துண்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.