பலகையைக் கழற்றுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் மீனவப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். ஐயா கையால் பொன்னாடை வாங்கியது என் பாக்கியம். மஞ்சக்குப்பத்தில் இந்தக் கூட்டத்துக்கு மைக்செட் கொடுத்த தம்பிகளுக்கும் நன்றி.

வானொலியில் அரசியல் பேசினால் அரசாங்கம் எதுவரை தலையிடலாம் என்பது தலைப்பு. அமெரிக்கா, டெல்லி, விளம்பரம் கொடுக்கிற முதலாளிகள் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா டீக்கடை வைத்திருந்தார். விடியற்காலையில் இரண்டு கட்சிப் பத்திரிகையும் வந்துவிடும். ஒருவர் சத்தமாகப் படிப்பார். சித்தப்பா வடையைத் திருப்பிக்கொண்டே, "படிச்சாச்சா? அடுத்த பேப்பரை அவர்கிட்ட குடு, அவரும் படிக்கட்டும்" என்பார். சண்டை வரும், கிளாஸ் உடையும். மறுநாள் அதே பெஞ்சில் அதே இரண்டு பேர். கடைக்குப் பக்கத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால், இவர்கள் போடுகிற சத்தத்திலேயே இரண்டு நாளில் ஆள் வந்துவிடும். ஒரு தேர்தல் சமயத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, "எங்க பேப்பர் மட்டும்தான் இங்க படிக்கணும்" என்று மிரட்டிவிட்டுப் போனார். சித்தப்பா இரண்டு பேப்பரையும் நிறுத்தினார். சிலேட்டு அளவுப் பலகையில் சிவப்பு பெயிண்டால் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதி மாட்டினார். அப்புறம் வந்தவர்கள் டீயைக் குடித்தார்கள், காசை வைத்தார்கள், போனார்கள். அந்த வருஷம் சாக்கடை மழைக்காலம் முடியும்வரை நாறியது.

சரி, அமெரிக்கா. பலகை மாட்டுவதற்கு முன்னால் சித்தப்பா இரண்டு பேப்பரையும் படிக்க வைத்தாரே, அதைத்தான் அங்கே 1949 முதல் அரசு விதியாக வைத்திருந்தார்கள். பொதுப் பிரச்சினையைப் பேசு, மாற்றுக் கருத்துக்கும் இடம் கொடு என்பது விதி. பென்சில்வேனியாவில் ஒரு வானொலியில் ஒரு பாதிரியார் ஓர் எழுத்தாளரைத் தாக்கிப் பேச, அவர் பதில் சொல்ல நேரம் கேட்டார். 1969இல் உச்ச நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. 1987இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். மறு வருஷமே ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர் நாடு முழுக்க ஒரு பக்கத்தை மட்டும் மணிக்கணக்கில் பேசத் தொடங்கினார். அந்த விதி நல்லதா கெட்டதா என்று அங்கே இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடவாவது அவர்களுக்கு வாய் இருக்கிறது.

டெல்லி நமக்கு மாட்டியிருப்பது பலகை. அலைவரிசை பொதுச் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது; அகில இந்திய வானொலிச் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலியை, அதாவது ஒரு வட்டார மக்களுக்காக அங்கேயே நடத்துகிற சின்ன வானொலியை, திறந்துவிட்டார்கள். அதிலும் சொந்தச் செய்தி கூடாது, அரசியல் கூடாது. தொலைக்காட்சியில் ராத்திரி முழுக்கக் கத்தலாம், இருபது ரூபாய் பேட்டரியில் ஓடுகிற ரேடியோவில் பேசக் கூடாதாம். இது என்ன நியாயம்?

2015 வெள்ளத்துக்குப் பிறகு நம் கடலூரில் பேரிடர் கால வானொலி 107.8இல் ஒலித்தது. கரண்ட் போன ஊரில் ரேடியோ எப்படிப்பட்ட துணை என்று தானே புயல் ராத்திரியைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றால், வெள்ளம் வடிந்தபின்னும் அந்த வாய் வேண்டும். போன வாரம் மீன் விற்கிற அக்கா ஒருவர் கேட்டார்: "கடல் எப்படி இருக்குன்னு ரேடியோ சொல்லுது. ஐஸுக்கு ஏன் இந்த விலைன்னு நான் அதுல கேட்கக் கூடாதா தம்பி?" கேட்டால் அது அரசியலாம்!

விளம்பரக்காரர்கள் விஷயத்தை இன்னொரு மேடையில் பேசுகிறேன், நேரமாகிவிட்டது. சமுதாய வானொலியில் உள்ளூர்ச் செய்தியை அனுமதிக்கச் சொல்லி மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இரண்டாவது அந்த மீன்கார அக்கா. மூன்றாவது இடத்தை மாமன்ற உறுப்பினர் அவர்களுக்காக விட்டு வைத்திருக்கிறோம்.