கண்மாயில் தொடங்கி அரண்மனைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இராமேசுவரம் செல்வோரில் பலர் இராமநாதபுரத்தை இரயில் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. மலையில்லாத வறண்ட சீமையில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நம்மவர்களே கேட்கிறார்கள். மார்கழியிலோ தையிலோ ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

விடிந்தவுடன் நகரையொட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குச் செல்லுங்கள். 2012இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2025இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலை இது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகிய பின், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். தாய் அலகைத் திறந்ததும், குஞ்சு தலையை முழுவதுமாக உள்ளே நுழைத்து மீனைத் தின்னும். கரையில் நின்று காணும்போது உரத்துப் பேச வேண்டாம். தாய் வெருண்டு எழுந்துவிட்டால் முட்டைகளுக்குக் காவல் இல்லை.

இந்தக் கண்மாய்கள் பறவைகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஆண்டில் சில வாரங்களே பெய்யும் மழையையும், வைகையில் எப்போதாவது வரும் வெள்ளத்தையும் தேக்கி, மடை வழியே நெல்வயலுக்கு விடுவதற்காக முன்னோர் எழுப்பிய கரைகள் இவை. நாரையால்கூடப் பறந்து கடக்க முடியாத அளவு பெரியது என்ற பொருளில், ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பெருமையாகச் சொல்வார்கள். கண்மாய் நிறைந்தால்தான் விளைச்சல். விளைந்தால்தான் அரசுக்கு வரி. ஆகவே கண்மாயைப் பார்த்த கண்ணோடு அரண்மனைக்குள் நுழைவதே முறை என்பது என் கருத்து.

இச்சீமையை ஆண்டவர்கள் சேதுபதி மன்னர்கள். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி கட்டிய இராமலிங்க விலாசம் என்னும் அரண்மனையில், அவருக்குப் பின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விசய இரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் சுவரெங்கும் நிறைந்துள்ளன. இராமாயணக் காட்சிகளுக்கு அருகிலேயே தஞ்சை மராத்தியருடன் நடந்த போரும், தொப்பியணிந்த ஐரோப்பியரைச் சேதுபதி சந்திக்கும் காட்சியும், மதுரை நாயக்க மன்னர் அவருக்கு இரத்தினாபிஷேகம் செய்யும் காட்சியும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவசரமின்றி நின்றால் ஆடையின் பூவேலையும் குதிரைச் சேணமும்கூடத் தெளிவாகும். முந்நூறு ஆண்டு வண்ணம் அது. தயவுசெய்து குழந்தைகள் சுவரில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் தேவிபட்டினத்துக்குச் சென்று, கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகங்களாக வழிபடப்படும் ஒன்பது கற்களைக் காணலாம். நேரம் போதவில்லையென்றால் அரண்மனையைச் சுருக்க வேண்டாம், கடலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.