வெள்ளம் வந்தால் ராஜா கிளம்புவார்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆறு பெருகி ஊருக்குள் தண்ணீர் வந்தால் நாம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவோம். லோசி மக்கள் முரசு அடிப்பார்கள்!

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டின் மேற்குப் பகுதியில், சாம்பேசி ஆற்றின் வெள்ளச் சமவெளிதான் அவர்கள் பூமி. மழைக்காலம் முடிகிறபோது அது கடல் மாதிரி நிரம்பிவிடும். ஆனால் வெள்ளத்தை யாரும் சபிப்பதில்லை. வண்டல் தருவதும் அதுதான், மீன் தருவதும் அதுதான். வடிந்த பிறகு மாடுகளுக்குப் புல்லும் அதன் தயவுதான்.

அவர்கள் ராஜாவுக்கு லிட்டுங்கா என்று பெயர். மண்ணைக் காப்பவர் என்று அர்த்தம். மண் முழுகும்போது அவரும் கிளம்பவேண்டியதுதானே? சமவெளி நடுவிலுள்ள லியாலுயியிலிருந்து மேட்டிலுள்ள லிமுலுங்காவுக்குப் புறப்படுவார். அந்தப் பயணம்தான் குவோம்போகா, தண்ணீரை விட்டு வெளியேறுதல். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த நாலிக்வாண்டா படகு. அதன் மேல் பெரிய யானை உருவம். படகில் நெருப்பு எரியும். புகை எழுந்தால் ராஜா சுகம் என்று கரையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

எனக்கு இதைவிட வியப்பு அவர்கள் மொழிதான். 19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து கொலோலோக்கள் படையெடுத்து வந்து இவர்களை அடக்கி ஆண்டார்கள். 1864இல் இவர்கள் திருப்பி அடித்து அந்த ஆட்சியை ஒழித்தார்கள். ஆளை விரட்டினார்கள், பேச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள்! இன்றைய லோசி மொழி கொலோலோக்கள் பேசிய சோத்தோ மொழி வழி வந்தது. லோசிகளின் பழைய மொழியான லுயானா அரண்மனைச் சடங்குகளில் ஒதுங்கிக் கிடக்கிறது.

அடுத்து வந்தவன் காகிதத்தோடு வந்தான். 1890இல் லெவானிக்கா ராஜா, விக்டோரியா ராணியின் பாதுகாப்பு கிடைக்கிறது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். கிடைத்ததோ பிரிட்டிஷ் சுரங்க முதலாளி சிசில் ரோட்ஸின் கம்பெனி. சுரங்க உரிமை அதன் கைக்குப் போயிற்று. 1964இல் சுதந்திர ஜாம்பியாவோடு சேரும்போது இன்னொரு ஒப்பந்தம், தனி உரிமைகள் உண்டு என்று. ஐந்தே வருஷம். 1969இல் அதையும் ஜாம்பியா அரசு ரத்து செய்தது. அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை.

1902இல் பிரிட்டிஷ் ராஜா ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு லெவானிக்கா லண்டன் போனார். அந்தத் தொடர்பில் வந்ததுதான் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அணிகிற அட்மிரல் உடுப்பு. இன்றும் லியாலுயியில் லிட்டுங்கா நம் ஊர்ப் பெரியவர் மாதிரி தம் மரபு உடையில்தான் படகு ஏறுவார். லிமுலுங்காவில் இறங்கும்போது பாருங்கள், கொடும் வெயிலில், தங்கச் சரிகை மின்னும் அந்த அட்மிரல் உடுப்போடு நிற்பார்.