60 கிலோ ஆளா, 180 கிலோ ஆளா? யாருய்யா நிஜ பலசாலி!

ரெண்டு நம்பர் சொல்றேன் மக்களே. 267, 190. ரெண்டும் கிலோ. ரெண்டுமே ஒரு மனுஷன் தரையில இருந்து தூக்கி தலைக்கு மேல நிறுத்திக் காட்டின வெயிட்டு. யாரு பலசாலின்னு கேட்டா ஒண்ணாங்கிளாஸ் பையன் கூட யோசிக்காம 267ன்னு சொல்லிடுவான்.

கொஞ்சம் இருங்க. 267 தூக்கினவரோட எடை ஏறக்குறைய 180 கிலோ. 190 தூக்கினவரு 60 கிலோ பிரிவு, உயரம் நாலடி பத்து அங்குலம். பஸ்ல நம்ம பக்கத்துல வந்து நின்னா தம்பி எந்த ஸ்கூலுன்னு கேட்போம்.

இப்ப சொல்லுங்க?

(டைட்டில் மியூசிக். இந்த தடவை சின்னதா போடுறேன், போன வீடியோல காது போச்சுன்னு திட்டுனீங்க.)

ரூல்ஸ் பார்ட் போர் அடிக்கும், அதனால ஓட்டி விட்டுடறேன். வெயிட்லிஃப்டிங்ல ரெண்டே ரெண்டு லிஃப்ட்டு. ஸ்னாட்ச்னா ஒரே மூச்சுல தரையில இருந்து நேரா தலைக்கு மேல. கிளீன் அண்ட் ஜெர்க்னா முதல்ல தோளுக்கு, அங்க இருந்து தலைக்கு மேல. ஒவ்வொண்ணுக்கும் மூணு சான்ஸ், ரெண்டுலயும் பெஸ்ட்டைக் கூட்டினா டோட்டல். மூணு ரெஃப்ரீ உக்காந்திருப்பாங்க, முழங்கை நடுவுல மடங்கி அப்புறம் நிமிர்ந்துச்சுன்னா சிவப்பு லைட்டு, நீ எவ்ளோ தூக்கினாலும் கணக்குல வராது. அவ்ளோதான்.

267 யாருன்னா ஜார்ஜியா நாட்டு லாஷா தலகாட்ஸே. 2021 டிசம்பர்ல தாஷ்கண்ட்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஸ்னாட்ச் 225, கிளீன் அண்ட் ஜெர்க் 267, மொத்தம் 492. ஒலிம்பிக்ல மூணு தங்கம். நடந்து வந்தாலே மேடை பயப்படும்.

190 தான் நம்ம ஹீரோ. நயிம் சுலைமானோலு. பேரைக் கேட்டதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, இவரு கதை முன்னாடி சினிமாவே தோத்துடும்.

பல்கேரியாவுல துருக்கி சிறுபான்மை குடும்பத்துல பிறந்தவரு. 1980கள் நடுவுல அந்த நாட்டு கம்யூனிஸ்ட் அரசு, துருக்கிக்காரங்க எல்லாரும் பல்கேரிய பேர் வச்சுக்கணும்னு கட்டாயப்படுத்துச்சு. இவருக்கும் நாவும் ஷலமானோவ்னு மாத்திட்டாங்க. உலக ரெக்கார்டு உடைக்கிறது இவரு, ஸ்கோர்போர்டுல வர்றது எவனோ ஒருத்தன் பேரு. மனுஷன் கடுப்பாக மாட்டானா? 1986 டிசம்பர்ல மெல்போர்ன்ல உலகக் கோப்பை. போட்டி முடிஞ்சு டீமோட சாப்பிடப் போன இடத்துல இருந்து நைசா நழுவிட்டாரு. கொஞ்ச நாள் ஒளிஞ்சிருந்து, அப்புறம் துருக்கி அதிகாரிங்க கிட்ட அடைக்கலம் கேட்டு, லண்டன் போய், அங்க இருந்து துருக்கி பிரதமர் துர்குத் ஓஸால் அனுப்பின விமானத்துல ஊர் போய் இறங்கினாரு.

கதை அதோட முடியல. நாடு மாறினா உடனே புது நாட்டுக்கு ஆட முடியாது, பழைய நாடு ஓகே சொல்லணும். அந்த ஓகேவுக்கு துருக்கி பல்கேரியாவுக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல குடுத்துச்சுன்னு சொல்றாங்க. ஒரு 60 கிலோ ஆளுக்கு! கிலோவுக்கு எவ்ளோன்னு நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துக்கங்க.

சரி, 1988 சியோல் ஒலிம்பிக். ஸ்னாட்ச்ல 152.5. கிளீன் அண்ட் ஜெர்க்ல 190. மொத்தம் 342.5. ஆறு சான்ஸ்லயும் ஒண்ணு கூட மிஸ் ஆகல.

190ன்னா என்னன்னு நமக்கு சட்டுனு புரியாது. வீட்டுல இருக்கிற கேஸ் சிலிண்டரை நெனச்சுக்கங்க, ஃபுல்லா இருந்தா கேஸும் இரும்பும் சேர்ந்து 30 கிலோ வரும். மாடிக்கு ஒண்ணு ஏத்துறதுக்கே டெலிவரி அண்ணன் நடுப்படியில நின்னு மூச்சு வாங்குவாரு, நாம மேல நின்னு பாத்து வாங்கண்ணேன்னு அட்வைஸ் மட்டும் குடுப்போம். அந்த மாதிரி ஃபுல் சிலிண்டர் ஆறை ஒண்ணா கட்டி, அதுக்கு மேல ஒரு பத்து கிலோ அரிசிப் பையையும் வச்சு, நாலடி பத்து அங்குல ஆளு தலைக்கு மேல தூக்கிட்டு ரெஃப்ரீ சிக்னல் குடுக்குற வரைக்கும் ஆடாம நிக்கிறாரு. தன்னோட எடையைப் போல மூணு மடங்குக்கும் மேல. இன்னிக்கு வரைக்கும் இந்த விகிதத்தை எவனும் தாண்டல.

எனக்கு ரொம்ப புடிச்ச பிட்டு இனிமேதான். உடம்பு எடையைப் போல மூணு மடங்கு கிளீன் அண்ட் ஜெர்க் பண்ண முடியும்னு உலகத்துக்கு முதல்ல காட்டினவரு ஸ்டெஃபான் டோபுரோவ்னு ஒரு பல்கேரியக்காரரு, 1983ல மாஸ்கோவுல, 60 கிலோ பிரிவுல 180. சரித்திரம் படைச்ச மனுஷன். சியோல்ல நயிமுக்கு அடுத்து வெள்ளி வாங்கினது யாரு தெரியுமா? அதே டோபுரோவ். வித்தியாசம் 30 கிலோ! ஒரு கிலோ, ரெண்டு கிலோல பதக்கம் கை மாறுற விளையாட்டு இது. பாரிஸ் ஒலிம்பிக்ல நம்ம மீராபாய் சானு தூக்கினது 199, வெண்கலம் போனது 200க்கு. அப்படிப்பட்ட இடத்துல 30 கிலோ.

இன்னொண்ணு. நயிமுக்கு மேல இருந்த 67.5 கிலோ பிரிவுல முதல்ல ஜெயிச்ச பல்கேரியக்காரரு ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டினாரு, தங்கம் கிழக்கு ஜெர்மனி யோவாகிம் குன்ஸுக்குப் போச்சு. அவரு டோட்டல் 340. அதாவது நயிம் அப்படியே மேல் பிரிவுல போய் நின்னிருந்தா அந்தத் தங்கமும் இவருக்குத்தான்.

இப்ப லாஷா ஃபேன்ஸ் கமெண்ட்ல கத்தியைத் தீட்ட ஆரம்பிச்சிருப்பீங்க. உங்க பக்கமும் நியாயம் இருக்குங்க. தசையோட பலம் அதோட குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, எடை கன அளவைப் பொறுத்தது. ஒரு ஆளை எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு பெருசாக்கினா பலம் நாலு மடங்குதான் ஏறும், எடை எட்டு மடங்கு ஏறிடும். அதனாலதான் எறும்பு தன்னைவிட பெருசை இழுத்துட்டு ஓடுது, யானையால இன்னொரு யானையை முதுகுல ஏத்திட்டு நடக்க முடியல. வெறும் மடங்குக் கணக்கு போட்டா எப்பவுமே சின்ன ஆளுதான் ஜெயிப்பான், அது போங்கு ஆட்டம்.

அதுவும் போக, கிளீன்ல குந்தி எந்திரிக்கும்போது பாரை மட்டுமா தூக்குறோம்? உடம்பும் சேர்ந்துதான் மேல வரணும். லாஷா 267ஓட சேர்த்து தன்னோட 180 கிட்டயும் தூக்குறாரு, கூட்டினா 440க்கு மேல போகுது. நயிமுக்கு 250. இந்த வாதம் எனக்கே கொஞ்சம் ஆட்டம் குடுத்துச்சு, பொய் சொல்லல.

இந்தச் சண்டையைத் தீக்கத்தான் கனடாவுல ராய் சின்க்ளேர்னு ஒரு கணக்கு வாத்தியார் ஃபார்முலா போட்டாரு: இந்த ஆளு இதே திறமையோட ஹெவிவெயிட்டா இருந்திருந்தா எவ்ளோ தூக்கியிருப்பாருன்னு. அதுல மேல வந்து நிக்கிறதும் நம்ம நயிம் தான். போதும், ஃபார்முலாவை ஸ்க்ரீன்ல போட மாட்டேன், வியூஸ் விழுந்துடும்.

ஆனா உண்மையான கூத்து வேற இடத்துல இருக்கு. எதைத் தூக்கினா பலம்னு முடிவு பண்றதே ஒரு கமிட்டிதான். 1972 வரைக்கும் வெயிட்லிஃப்டிங்ல மூணாவதா பிரெஸ்னு ஒரு லிஃப்ட்டு இருந்துச்சு. காலை அசைக்காம தோள்ல இருந்து கையால மட்டும் மேல தள்ளணும். போகப் போக ஆளுங்க பின்னாடி வளைஞ்சு வளைஞ்சு, கிட்டத்தட்ட நின்னுக்கிட்டே பெஞ்ச் பிரெஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சுல இருந்து பாரை மேல தள்ளுறது) போடுற லெவலுக்குப் போயிட்டாங்க. எது சரி எது தப்புன்னு ரெஃப்ரீங்களுக்கே குழப்பம். முதுகு போகுதுன்னு வேற பேச்சு. மியூனிக் ஒலிம்பிக்கோட தூக்கிட்டாங்க. ரஷ்யாவோட வாசிலி அலெக்ஸேயேவ் அதுல 230க்கு மேல தள்ளினவரு. ராத்திரியோட ராத்திரியா அந்த மாதிரி தோள் பலத்துக்கு ஒலிம்பிக்ல மதிப்பே இல்லாம போச்சு. பாவம் இல்ல? மனுஷன் அசரலைங்கிறது வேற விஷயம், 1976லயும் தங்கம் வாங்கிட்டாரு.

அப்படியே பவர்லிஃப்டிங் பக்கம் வாங்க. அங்க மூணு லிஃப்ட்டு: ஸ்குவாட்னா பாரைத் தோள்ல வச்சு குந்தி எந்திரிக்கிறது, பெஞ்ச்னா இப்ப சொன்ன பெஞ்ச் பிரெஸ், டெட்லிஃப்ட்னா தரையில இருந்து பாரைத் தூக்கி நிமிர்ந்து நிக்கிறது. அமெரிக்காவுல லமார் கான்ட்னு ஒருத்தரு, இவரும் நயிம் மாதிரியே 60 கிலோ சைஸ். 1985ல உடம்பு எடையைப் போல அஞ்சு மடங்கு டெட்லிஃப்ட் பண்ணின முதல் ஆளு, கிட்டத்தட்ட 300 கிலோ. விஷயம் என்னன்னா அவருக்கு முதுகெலும்பு வளைஞ்சிருக்கிற ஸ்கோலியோசிஸ். அதனால உடம்பு குட்டை, கை நீளம். நேரா நின்னா கை நுனி கால்முட்டி கிட்ட வந்துடும், அதனால பார் கால்முட்டிக்குக் கொஞ்சம் மேல வந்தாலே லிஃப்ட் முடிஞ்சிரும். டாக்டர் கண்ணுக்கு குறை, டெட்லிஃப்ட்டுக்கு வரம். இது ஏமாத்தா? என்னைக் கேட்டா இல்லவே இல்ல. உயரமா பிறந்தவன் கூடைப்பந்து ஆடுறதை நாம ஏமாத்துன்னா சொல்றோம்? அதுவுமில்லாம 300 கிலோவைக் கையில புடிச்சு நிக்கிறது நீளக் கை இருந்தா மட்டும் வந்துடாது, நீங்க வேணா ட்ரை பண்ணுங்க. வேணாம், பண்ணாதீங்க, அப்புறம் என் மேல கேஸ் போடுவீங்க.

பெஞ்ச் பிரெஸ்ல முதுகைப் பாலம் மாதிரி வளைச்சு, பார் நாலு விரக்கடை இறங்கி ஏறினதும் ரெக்கார்டுன்னு கை தூக்குற ரீல்ஸ் எல்லாரும் பாத்திருப்பீங்க. அது ரொம்ப ஓவரா போயி, 2023ல இருந்து சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் முழங்கை தோள்மட்டத்துக்காவது இறங்கணும்னு ரூல் போட்டுச்சு. ரூல்புக்ல ஒரு வரி மாறுது, நேத்து வரைக்கும் பலசாலியா இருந்தவன் இன்னிக்கு ஜூனியர்.

ரூல்புக்கே இல்லாத காலத்துல என்ன பண்ணாங்க? ஐஸ்லாந்து மேற்குக் கரையில ஒரு கடற்கரை, அங்க நாலு கல்லு கிடக்கு. 154 கிலோ, 100, 54, 23. மீன்புடி படகுல வேலைக்குச் சேரணும்னா கல்லைத் தூக்கி இடுப்பு உயரத் திட்டுல வைக்கணும், 54ஐக் கூட தூக்க முடியலன்னா நடையைக் கட்டு தம்பி. இன்டர்வியூவே அவ்ளோதான். நம்ம ஊர்ல இளவட்டக்கல். கல்யாணத்துக்கு நிக்கிற பையன் ஊர் பொதுவுல கிடக்கிற அந்த உருண்டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால தள்ளணும். தென்மாவட்டத்துல சில ஊர்கள்ல பொங்கலுக்கு இன்னும் போட்டி நடக்குது, பெண்களும் தூக்குறாங்க.

ஜிம் பசங்க இந்தக் கல்லுகிட்ட போய் அசிங்கப்படுறது ஏன்னு சொல்லவா? ஒலிம்பிக் பார் 28 மில்லிமீட்டர் தடிமன், பிடி வழுக்காம இருக்க சொரசொரப்பா வரி போட்டிருப்பாங்க, முனையில வெயிட்டு தனியா சுத்தும். எல்லாமே உங்க வசதிக்கு. இளவட்டக்கல்லு வழவழன்னு இருக்கும், புடிக்க இடமே கிடையாது. குந்தி உக்காந்து, கல்லை நெம்பி, தொடை மேல ஏத்தி, கட்டிப்புடிச்சு, நெஞ்சு மேல உருட்டிக்கிட்டே தோளுக்குக் கொண்டு வரணும், நடுவுல கல்லு சரிஞ்சா கால் விரல் காலி. 150 டெட்லிஃப்ட் போடுற ஆளு நூறு கிலோ கல்லுகிட்ட திணறுவான். அப்ப அவன் பலசாலி இல்லையா? பாருக்குப் பலசாலி, கல்லுக்கு இல்ல. அவ்ளோதான் மேட்டர்.

கடைசியா நம்ம ஊர் வெயிட்லிஃப்டர் ஒருத்தரு. வேலூர் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல ஸ்னாட்ச் மட்டும் 149, மொத்தம் 328, தங்கம். 2018லயும் தங்கம். உங்க ஜிம்ல ஒருத்தன் கையைச் சுருட்டிக் காட்டி சீன் போட்டா இந்த 149ஐ மட்டும் அமைதியா சொல்லிட்டு தண்ணி குடிக்கப் போயிடுங்க.

என் தீர்ப்பு நயிம் தான், மாத்த மாட்டேன். ஒத்துக்காதவங்க கமெண்ட்ல வாங்க, ஆனா ஒரு கண்டிஷன்: உங்க எடை, எந்த லிஃப்ட்டு, எவ்ளோ கிலோ, மூணையும் போட்டுட்டு அப்புறம் திட்டுங்க. வெறும் "நான் 100 போடுவேன் ப்ரோ"ன்னு வந்தா பதில் கிடையாது. அப்புறம் பாதி ஸ்குவாட் போட்டுட்டு ஃபுல் கணக்கு சொல்ற கோஷ்டிக்குத் தனியா ஒரு வீடியோ ரெடி ஆகிட்டு இருக்கு, சப்ஸ்கிரைப் பண்ணி வச்சுக்கங்க, உங்க ஃப்ரெண்டு ஒருத்தனுக்குக் கண்டிப்பா தேவைப்படும்.