கிராமத்து மளிகைக் கடையும் ‘இல்லை’ என்ற சொல்லும்

நேயர்களுக்கு வணக்கம். கிராமப்புற மளிகைக் கடைகளில் வாங்குவோரின் மனநிறைவு எதனால் அமைகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் தவறாமல் வருகிறார், ஆகவே அவருக்கு நம் கடை பிடித்திருக்கிறது என்று கடைக்காரர்கள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரே கடைதான் என்னும்போது அந்த வருகையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அவருக்குப் போக்கிடம் இல்லாமலும் இருக்கலாம். எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் மனம் ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்துதான் நிறைவோ குறையோ பிறக்கிறது என்று நுகர்வோர் மனநிறைவை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் விளக்கினார். கிராமத்தில் அந்த எதிர்பார்ப்பு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுப்படி இறங்கும்போதே தொடங்கிவிடுகிறது.

சந்தைப்படுத்தல் ஆய்வாளர்களான பரசுராமன், சைத்தாமல், பெர்ரி ஆகிய மூவரும் 1988-இல் 22 கூற்றுகள் கொண்ட சேவைத்தர அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் ஐந்து கூறுகளில், சொன்னதைச் சொன்னபடி தரும் நம்பகத்தன்மையே வாடிக்கையாளர்களுக்கு முதன்மையானது என்றும், இடத்தின் தோற்றம் கடைசியில்தான் வருகிறது என்றும் அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. கிராமத்துக் கடைக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும் என்பது என் கருத்து. நகரத்தில் ஒரு கடையில் கிடைக்காத பொருளை அடுத்த கடையில் வாங்கிக்கொள்ளலாம். நெடுந்தொலைவு நடந்து வந்தவரிடம் ‘இல்லை’ என்று சொன்னால் அவருடைய அரைநாள் உழைப்பே வீணாகிறது.

அந்த ‘இல்லை’க்குக் கடைக்காரரின் அசட்டையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. விற்பனை குறைவாக இருப்பதால் அவர் சிறு அளவிலேயே கொள்முதல் செய்கிறார்; சரக்கு வண்டி எப்போதோ ஒரு முறைதான் வருகிறது; கைமுதலில் பெரும்பகுதி கடனாக வெளியே நிற்கிறது. அதிகமாக வாங்கி அடுக்கினாலோ, விற்காத பொருள் காலாவதியாகி, அதுவே புதிய மனக்குறைக்கு வித்திடுகிறது.

கடன் நோட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வருமானம் பருவத்துக்குப் பருவம் மாறும் குடும்பத்துக்கு அந்த நோட்டுதான் அடுப்பை அணையாமல் காக்கிறது. ஆனால் வாங்கியவர் போன பிறகு, நினைவிலிருந்து எழுதப்படும் ஒரு வரி, பல ஆண்டுப் பழக்கத்தையும் கெடுத்துவிடும். பொருள், அளவு, தொகை மூன்றையும் அவர் எதிரிலேயே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, அவர் கையிலும் ஒரு பிரதி இருக்கச் செய்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தராசுக்கும் இதே நேர்மை வேண்டும்: எண்கள் வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பொருளை வைப்பதற்கு முன் அது சுழியத்தில் நிற்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

தினமும் முகம் பார்த்துப் பழகுகிறவரிடம் குறை சொல்ல மக்கள் கூசுகிறார்கள், கடன் பாக்கி இருந்தால் வாயே திறப்பதில்லை. ஆகையால் கடைக்காரர்தான் முந்திக்கொண்டு கேட்க வேண்டும். கல்லாவின் அருகே ஒரு சிறு தாளை வைத்து, கேட்டுக் கிடைக்காமல் போன ஒவ்வொரு பொருளையும் கேட்டவர் பெயரோடு குறித்துக்கொள்ளலாம். அடுத்த கொள்முதலுக்கு அந்தத் தாளையே எடுத்துச் சென்று, பொருள் வந்ததும் அவருக்குச் சொல்லி அனுப்பலாம்.