1950கள்: காவிரிக் கரையில் ஓய்ந்த குரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களைத் தேதி வைத்து நினைக்கிற வழக்கம் குறைவு. திதிதான் கணக்கு. தியாகராஜ சுவாமிகள் மறைந்தது 1847 ஜனவரி 6 என்று புத்தகத்தில் போட்டிருக்கும். திருவையாற்றில் அந்தத் தேதிக்காக யாரும் காத்திருப்பதில்லை. புஷ்ய பகுள பஞ்சமி என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு ஆராதனை. இப்படிப்பட்ட ஊர்க்காரனைக் கூப்பிட்டு, "ஏதாவது ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு, அதில் மறைந்த நம் பகுதிப் பெரியவர்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். பத்தாண்டுக்கு ஏது திதி? ஆனாலும் சரி என்றேன்.

1950 முதல் 1959 வரை எடுத்துக்கொண்டேன். அது என் அப்பாவின் வாலிப காலம். ஆடுதுறையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் பிறந்தது 1957 தை மாதம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானார். "நீ வயிற்றில் இருக்கும்போது உங்கப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை" என்று அம்மா சொல்லுவார். யாரோ நெருங்கிய சொந்தம் போய்விட்டது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது திருமருகல், 1898. பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்பது திருவாவடுதுறை மடத்தில் வைத்த பெயர். அவர் வாசித்த தோடி ராகத்தைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அவருடைய வாத்தியத்தின் கதை. நாதஸ்வரத்தை நாங்கள் நாயனம் என்போம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி அதிகம். கோயில் வீதியில் நான்கு தெருவுக்கும் கேட்கும். ஆனால் சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் அதில் சரியாகப் பேசாது. இந்தக் குறை அவரை உறுத்தியது. பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி என்று நாயனம் கடையும் கலைஞர் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து செய்து பார்த்து, கழித்து, மறுபடி செய்து, கடைசியில் நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு கல்யாண மண்டபத்தில் நீங்கள் கேட்கிற கனமான நாதம் அதுதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம் வேண்டும் அதற்கு; புது மரம் உதவாது, இடித்த பழைய வீடுகளிலிருந்து எடுத்த மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். நாயனம் அங்கே, அதில் செருகி ஊதுகிற சீவாளி திருவாவடுதுறையில். நடுவில் ஒரு சைக்கிள் மிதி தூரம்.

சங்கதி அதோடு நிற்கவில்லை. நாயனக்காரர் சட்டை போடக்கூடாது, பெரிய மனிதர் முன்னால் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றெல்லாம் இருந்த காலம் அது. அவர் கிராப் வைத்தார், சட்டை போட்டார், மேடை போடச் சொல்லி உட்கார்ந்து வாசித்தார். சுருதிக்காகக் கூடவே ஊதுகிற ஒத்துக் குழலுக்குப் பதிலாகத் தம்புரா வைத்துக்கொண்டார். சிலர் இதைத் திமிர் என்றார்கள். என் அப்பாவும் அப்படிச் சொன்னவர்தான், பெருமையோடு. 1940இல் காளமேகம் படத்தில் கதாநாயகனாகக்கூட நடித்தார்.

இங்கே ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர் அவர். அந்த நாள் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கூடினால் மூன்றரை. நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் அடங்கியதுதான். அவருக்குப் பல காலம் தவில் வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949இலேயே போய்விட்டார். என்னுடைய பத்தாண்டுக்குள் வரவில்லை. ஒரு வருஷத்தில் தவறிவிட்டார் என்பதற்காக அவரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, அதனால் சொல்லிவிட்டேன்.

அதே பெயரில் இன்னொரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இவர் பந்தநல்லூர். 1869இல் பிறந்து 1954இல் மறைந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வழிவந்த நட்டுவனார், அதாவது நாட்டிய ஆசான். சதிர் என்று சொல்லிக் கேவலமாகப் பார்த்த ஒன்றைப் பரதநாட்டியம் என்று பேர் மாற்றி மேடையில் ஏற்றிய கதையில் ருக்மிணி தேவியின் பெயர் முதலில் வரும். 1935இல் அவர் அடையாறில் ஆடினாரே, அதற்குப் பாடம் சொன்னவர் இந்தப் பெரியவர். மிருணாளினி சாராபாய், ராம்கோபால், சாந்தா ராவ் எல்லாரும் இவரிடம் கற்றவர்கள். திருப்பனந்தாளைத் தாண்டிப் பந்தநல்லூருக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம், வெளியூர்களிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இறங்கியவர்களை நினைத்துக்கொள்வேன். உலக மேடைகளில் "பந்தநல்லூர் பாணி" என்று இன்றும் சொல்கிறார்கள். வானொலியில் அவரை எப்படிக் கேட்பது? தட்டுக்கழியின் சத்தமும் ஜதியும் எந்தத் தட்டில் இருக்கிறது? அவர் விட்டுப்போனது முழுக்க அடுத்தவர் காலில் இருக்கிறது. அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய கோயில் பெண்களுக்கோ அந்த மேடையில் இடம் சுருங்கிப்போனது. பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடுவதைத் தடுக்க 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டியதுதான். அதற்காக அவர்கள் பாடியதையும் ஆடியதையும் மறந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

கட்சி என்றதும் திருவையாறு நினைவுக்கு வருகிறது. அங்கே ஆராதனைக்கே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு இருந்தன. இரண்டிலும் பெண்கள் பாடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். நஞ்சன்கூட்டில் 1878இல் பிறந்த தேவதாசி குலத்துப் பெண். தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிடம் எழுப்பினார். 1925இல் குடமுழுக்கு நடந்தது. கட்டியவருக்கே அங்கே பாட இடமில்லை! பார்த்தார், சமாதிக்குப் பின்பக்கத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு ஆராதனையே நடத்த ஆரம்பித்துவிட்டார். 1940ஐ ஒட்டி மூன்று தரப்பும் ஒன்றான பிறகுதான் பெண்கள் முன்னால் வந்து பாடினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அரசவையில் முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் இருந்தார். அவர் தெலுங்கில் எழுதிய காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர் நாகரத்தினம்மாள். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு தடை போட்டது. சுதந்திரத்துக்கு அப்புறம்தான் தடை நீங்கியது. நாகரத்தினம்மாள் 1952 மே 19 அன்று திருவையாற்றிலேயே உயிர் நீத்தார். தியாகராஜரைப் பார்த்தபடி அவருக்கும் அங்கே ஒரு நினைவிடம் உண்டு. ஆராதனைக் கூட்டத்தில் பஞ்சரத்தினம் பாடும்போது நான் கவனித்திருக்கிறேன், தாளம் போடுகிற பாதிப் பேருக்கு அங்கே இருக்கிற அந்த அம்மாள் யார் என்றே தெரியாது. போன முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண், "அது யாரு தாத்தா, யாராவது அம்மனா?" என்று கேட்டாள். சொன்னேன். கிருதி முடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கல்கியைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. மணல்மேட்டுக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர் என்பதையும், வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்த கதையையும் உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் அந்தப் 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதினார். முடித்த சில மாதங்களில், 1954 டிசம்பர் 5ஆம் தேதி, 55 வயதில் போய்விட்டார். 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதி வித்துவான்களை ஒரு கை பார்த்தவரும் அவரே. எட்டயபுரத்தில் 1947இல் திறந்த பாரதி மணிமண்டபத்துக்கு வாசகர்களிடம் பணம் திரட்டியவர். மீரா படத்தில் எம்.எஸ். அம்மா பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' பாட்டை எழுதியது அவர். ஆகவே அவரும் வானொலியில் அடிக்கடி வந்துபோகிறார், பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1950 மே மாதத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பட்டுக்கோட்டைப் பக்கத்து வாட்டாக்குடி இரணியன், மலேயாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி விவசாயக் கூலிகளுக்காக நின்றவர், போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார். பிரபலம் என்ற பட்டியலில் வழக்கமாக வராத பெயர். ஆனால் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்ததற்குப் பின்னால் இப்படிப் பல சாவுகள் இருக்கின்றன. அவருடைய குரல் எந்தத் தட்டிலும் இல்லை.

அந்த வயல்களிலிருந்தே ஒரு பாட்டுக்காரர் வந்தார். செங்கப்படுத்தான்காடு என்ற சின்ன ஊர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1930 ஏப்ரல் 13இல் பிறந்தவர். ஏர் பிடித்தார், விவசாயிகள் இயக்கத்தில் சுற்றினார், புதுச்சேரியில் பாரதிதாசனோடு இருந்தார், பிறகு சினிமா. சினிமாவுக்கு எழுதியது ஐந்தாறு வருஷம். 1959 அக்டோபர் 8, வயது 29. இன்றும் நடவு வயலில் செல்போனில் ஓடுகிறது அவர் பாட்டு. பாடியவர் பெயரை எல்லாரும் சொல்வார்கள், நடித்தவர் பெயரை அதற்கு முன்னால் சொல்வார்கள்.

அவர் போய் மூன்று வாரம் கழிந்து, நவம்பர் 1ஆம் தேதி எம்.கே. தியாகராஜ பாகவதர். மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதில் பெரும்பகுதி நாள் பாகவதர் எங்கே இருந்தார்? சிறையில். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அந்த ஆண்டு டிசம்பரில் கைதானவர், பிரிவி கவுன்சில் வரை போய் 1947 ஏப்ரலில்தான் விடுதலையானார். ஆள் உள்ளே, குரல் மட்டும் தினம் மூன்று காட்சி வெளியே. கூடவே உள்ளே போன கலைவாணர் வெளியில் வந்து பழையபடி ஜெயித்தார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. ரசிகர்கள் மாறிவிட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு என்னவோ, பாட்டை மேடையிலும் நாடகத்திலும் பழகியவர்களுக்கும், பின்னணிப் பாடகர் பாடினால் போதும் என்ற சினிமாவுக்கும் ஒத்துப்போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

திருச்சி வானொலி 1939 மே 16இல் தொடங்கியது. எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ வந்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. சாயங்காலம் அதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து அப்பா காத்திருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். அறிவிப்பாளர் "நாதஸ்வரம்" என்று சொன்னதும் நிமிர்வார். வேறு யாரோ வாசித்தால் பாதியிலேயே எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். ராஜரத்தினம் பிள்ளை என்று சொல்லிவிட்டால் எங்களைப் பேசவிட மாட்டார், தெருநாயைக்கூட விரட்டிவிடுவார்.

என்னைப் பேச அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், உரை முடிந்ததும் அந்தத் தோடியைப் போட வேண்டும் என்று. நிலையத்தார் தட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கீறல் சத்தம் இருக்கும். நான் ஒதுங்கிக்கொள்கிறேன், வணக்கம்.